குடல் ஒட்டு அடைப்பும் 100 மி.லீ. அயடின் திரவமும்: படுவான்கரை நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய ஒட்டினால் சிறுகுடல் அடைபட்டு வந்த ஒருவருக்கு, எக்ஸ்ரேயில் குடலைக் காட்டும் அயடின் திரவத்தை மூக்கு வழியே இரைப்பைக்குள் போடும் குழாயால் கொடுத்த விதமே இந்த ஆய்வு. நோயாளி 61 வயது விவசாயி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். எடை 58 கிலோ. நீரிழிவோ இருதய நோயோ இல்லை. 1990களின் தொடக்கத்தில் வயிற்றில் குண்டு பாய்ந்து, வயிறு திறந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர். தொப்புளுக்கு மேலும் கீழுமாக ஒரு நீண்ட தழும்பும், இடது விலாவுக்குக் கீழே காசு அளவில் இன்னொரு தழும்பும் இருந்தன. குடலில் எவ்வளவு வெட்டி எடுக்கப்பட்டது, எங்கே தைக்கப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கடதாசிகள் 2007 இடப்பெயர்வில் தொலைந்துபோயின.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அந்தக் காலத்துத் தழும்போடு வாழ்கிறவர்கள் பலர் இப்போது அறுபதைத் தாண்டுகிறார்கள். வயிறு ஒருமுறை திறக்கப்பட்டால் குடலுக்கும் வயிற்றின் உட்சுவருக்கும் இடையே நார் போன்ற ஒட்டுகள் உண்டாகின்றன. பெரும்பாலானோருக்கு அவை வாழ்நாள் முழுக்கத் தொல்லை தருவதில்லை. சிலருக்கு முப்பது வருடம் கழித்தும் சிறுகுடல் அதில் மடிந்து சிக்கிக்கொள்ளும். நாட்டில் சண்டை ஓய்ந்தாலும் இந்த வயிறுகள் வார்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். வயிற்று வலியோடு வருகிறவரின் சட்டையைத் தூக்கிப் பார்க்காமல் இரைப்பை அழற்சி மருந்து எழுதுவது இந்தப் பகுதியில் ஆபத்தான பழக்கம்.

வந்தபோது காணப்பட்டவை

அறிகுறிகள் தொடங்கி ஏறத்தாழ 36 மணிநேரம் கழித்து, மாலை ஆறரை மணியளவில் அவர் ஆதார வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்டார். வலி விட்டு விட்டு முறுக்கியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து, உச்சத்துக்குப் போய், தணிந்தது. முதலில் சாப்பாடும் பிறகு பச்சை நீருமாகச் சத்தி. மனைவி சொன்னது டிக்கட்டில் (வார்டில் வைக்கும் நோயாளியின் பதிவேட்டில்) அப்படியே எழுதப்பட்டிருக்கிறது: “நேத்துக் காலத்தால இருந்து வெளிக்குப் போகல்ல டொக்டர், காத்தும் போகல்ல.” மலமும் காற்றும் இரண்டுமே நின்றுவிட்டன என்ற அந்த ஒரு வசனம், நோய் எங்கே இருக்கிறது என்பதைப் பாதி சொல்லிவிட்டது.

வலி தொடங்குவதற்கு முந்திய இரண்டு நாட்களும் அவித்த பனங்கிழங்கு நிறையச் சாப்பிட்டிருந்தார். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்கள் இல்லை. பனங்கிழங்கின் நார் மெல்லப்படாமல் இறங்கினால், ஒட்டினால் ஏற்கெனவே ஒடுங்கிய இடத்தில் திரண்டு நிற்கக்கூடும். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டு எழுதி வைக்க வேண்டிய தகவல்.

நாடி நிமிடத்துக்கு 104, குருதி அமுக்கம் 110/70, காய்ச்சல் இல்லை. நாக்கு வறண்டிருந்தது. வயிறு உப்பி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தது. அழுத்தியபோது பரவலாக நோவு இருந்தது, ஆனால் வயிற்றுத் தசை விறைக்கவில்லை, கையை எடுத்தபோது துள்ளும் வலியும் இல்லை. சாரத்தைத் தளர்த்தி இரண்டு கவட்டையும் தொடையின் மேற்பகுதியையும் பார்த்ததில் குடலிறக்கம் இல்லை. பழைய தழும்பு கண்ணில் பட்டதும் கவட்டைப் பார்க்க மறப்பது அடிக்கடி நடக்கிறது. இறங்கிச் சிக்கிய குடலுக்கு எந்தத் திரவமும் உதவாது, கத்திதான் உதவும்.

வெண்குருதிக் கலம் 9,800. சோடியம் 134, பொட்டாசியம் 3.1 மி.மோல். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியட்டினின் 128 மைக்ரோமோல். படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் சிறுகுடல் வளையங்கள் 4.2 செ.மீ. வரை விரிந்திருந்தன (3 செ.மீ.க்கு மேற்பட்டால் விரிவு). குடலின் முழு அகலத்தையும் குறுக்கே கடக்கும் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன, பெருங்குடலில் காற்று அநேகமாக இல்லை. நிமிர்ந்த நிலை நெஞ்சுப் படத்தில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று இல்லை. குடல் எங்கும் துளைபடவில்லை என்பதற்கு அது ஓரளவு ஆதாரம்.

முதல் இரவின் தீர்மானம்

உடனே வயிற்றைத் திறப்பதா, காத்திருப்பதா என்பதே கேள்வி. குருதியோட்டம் தடைப்பட்ட குடலுக்கு உரிய அடையாளங்களாகிய விடாத வலி, விறைத்த வயிறு, காய்ச்சல், ஏறும் வெண்குருதிக் கலம் எதுவும் இல்லை. மறுபக்கம், முப்பது வருட ஒட்டுகள் நிறைந்த வயிற்றைத் திறக்கும்போது நல்ல குடலையும் கிழித்துவிடும் அபாயம் உண்டு. திறப்பதே புதிய ஒட்டுகளையும் விதைக்கும். ஆகவே காத்திருப்பது என்று சத்திரசிகிச்சை நிபுணர் முடிவெடுத்தார்.

சி.ரி. ஸ்கான் அந்த வைத்தியசாலையில் இல்லை. வளையமாக இரு முனையும் அடைபட்ட குடலையும் குருதி குறைந்த குடற்சுவரையும் காட்டுவதில் அதற்கு ஈடில்லை. ஆனால் நரம்பு வழி அயடின் திரவம் ஏற்ற வேண்டும், நோயாளியோ வறண்டு, கிரியட்டினின் ஏறிய நிலையில் இருந்தார். முதலில் நீரேற்றம், பிறகு மறுமதிப்பீடு என்று தீர்மானமானது. நாடி 110ஐத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், வலி விடாமல் நின்றால், வயிறு விறைத்தால் எந்த நேரமானாலும் அம்புலன்சில் மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனைகள் டிக்கட்டில் எழுதப்பட்டன. இரவுக் கடமைக்கு வருகிறவர் ஊகிக்க வேண்டியிருக்கக் கூடாது.

14ஆம் இலக்க மூக்குக் குழாய் போடப்பட்டது. அரை மணிநேரத்தில் நார்த்துணுக்குகள் அடைத்துக்கொண்டன. அதை எடுத்து 18ஆம் இலக்கக் குழாய் போட்டதும் 900 மி.லீ. பச்சை நீர் வந்தது. முதல் ஒரு மணிநேரத்தில் ஹார்ட்மன் கரைசல் என்ற நரம்பு வழி உப்பு நீர் ஒரு லீற்றர், அதன்பின் லீற்றருக்கு 20 மி.மோல் பொட்டாசியம் கலந்து மெதுவாக. பொட்டாசியம் குறைந்தால் குடல் தானாகவே சோம்பிவிடும். அதைத் திருத்தாமல் செய்யும் எந்தக் கொன்ட்ராஸ்ட் சோதனையும் (படத்தில் வெள்ளையாகத் தெரியும் திரவத்தைக் கொடுத்துப் பார்ப்பது) பொய்யாகத் தோல்வி காட்டலாம். சிறுநீர்க்குழாய் போட்டு மணிக்கணக்கில் அளந்தார்கள்.

காலையில் நாடி 88, சிறுநீர் மணிக்கு 45 மி.லீ., பொட்டாசியம் 3.6, கிரியட்டினின் 98. இரவில் மூக்குக் குழாயால் மேலும் 600 மி.லீ. வந்திருந்தது. வலி குறைந்திருந்தது. ஆனால் காற்று இன்னும் போகவில்லை.

ஏன் இந்தத் திரவம்

வாயால் கொடுக்கும் அயடின் கொன்ட்ராஸ்ட் திரவங்களில் இதற்கு அதிகம் பயன்படுவது காஸ்ட்ரோகிராஃபின். 100 மி.லீ.யில் மெக்ளுமின் அமிடோட்ரைசோயேட் 66 கிராமும் சோடியம் அமிடோட்ரைசோயேட் 10 கிராமும் இருக்கின்றன. மி.லீ.க்கு 370 மி.கி. அயடின். இதன் செறிவு குருதியின் செறிவைப்போல் ஆறேழு மடங்கு. அதனால் குடற்சுவரில் தேங்கிய நீரை உள்ளே இழுத்து வீக்கத்தைக் குறைக்கிறது. அடைப்புக்கு மேலே அழுத்தம் கூடி உள்ளடக்கம் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. படத்திலும் வெள்ளையாகத் தெரிகிறது. திரவம் 24 மணிநேரத்துக்குள் பெருங்குடலை அடைந்தால் சத்திரசிகிச்சை இல்லாமல் அடைப்பு விலகும் என்பதைக் கணிப்பதில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது உணர்திறன் (விலகப்போகும் அடைப்பைச் சரியாக இனங்காண்பது) 96 சதவீதம், தனித்தன்மை (விலகாத அடைப்பைச் சரியாக இனங்காண்பது) 98 சதவீதம் எனக் கிடைத்திருக்கிறது. ஒட்டு அடைப்புக்கான பொலோனா வழிகாட்டலின் 2017 திருத்தமும் இதைப் பரிந்துரைக்கிறது. அதே வழிகாட்டல், ஆபத்து அடையாளம் இல்லாதவரில் சத்திரசிகிச்சை இல்லாமல் 72 மணிநேரம் வரை காத்திருப்பது பாதுகாப்பானது என்கிறது.

பேரியம் ஏன் இல்லை என்று பயிற்சி வைத்தியர்கள் கேட்பதுண்டு. குடலில் துளை இருந்து பேரியம் வயிற்றறைக்குள் கசிந்தால் கடுமையான அழற்சி உண்டாகும். அயடின் திரவம் கசிந்தால் உடல் அதை உறிஞ்சிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். நுரையீரலில் கதை தலைகீழ். செறிவு மிக்க இந்தத் திரவம் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலுக்குள் நீரை இழுத்து, உயிராபத்தான நீர்க்கோர்வையை உண்டாக்கும். இந்தச் சோதனையில் நாம் அஞ்ச வேண்டியது வயிற்றைவிட நெஞ்சையே.

புரையேறும் ஆபத்து அதிகமானவருக்கும் சிறு குழந்தைக்கும் செறிவு குறைந்த அயோஹெக்சோல் ஏற்றது. மி.லீ.க்கு 300 மி.கி. அயடின் கொண்ட வகையின் ஒஸ்மொலாலிற்றி, அதாவது நீரை இழுக்கும் செறிவு, கிலோவுக்கு ஏறத்தாழ 640 மி.ஒஸ்மோல். மிருக வைத்தியர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிவார்கள். மூன்று கிலோ பூனைக்குக் காஸ்ட்ரோகிராஃபினைக் கொடுத்தால் அது குருதியில் உள்ள நீரைக் குடலுக்குள் இழுத்தே பூனையைச் சாய்த்துவிடக்கூடும். மாங்கொட்டை விழுங்கியதாகச் சந்தேகிக்கப்படும் நாய்க்கும் அப்படித்தான், வறண்டிருந்தால் ஆபத்து. அதனால் அவர்கள் அயோஹெக்சோல் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, கிலோவுக்கு 10 மி.லீ. அளவில் கொடுப்பார்கள். நாயை அமைதிப்படுத்த சைலசின் போட்டுவிட்டால் குடல் அசைவே நின்று படம் பயனற்றுப் போகும் என்பதும் அவர்கள் பட்டறிந்த பாடம். மனித வார்டில் மோர்பின் அதே வேலையைச் செய்யும். இந்த நோயாளிக்கு வலிக்கு நரம்பு வழி பரசிட்டமோல் மட்டுமே போதுமாக இருந்தது.

இறால் ஒவ்வாமை என்ற தடங்கல்

காலைப் பரிசோதனைக்குப் பின் ஒரு மணிநேரம் வீணாகப் போனது. டிக்கட்டின் முகப்பில் சிவப்பு எழுத்தில் “அயடின் ஒவ்வாமை” என்று இருந்தது. விசாரித்ததில், வாவி இறால் சாப்பிட்டால் அவருக்கு உடம்பு கடித்துத் தடிப்பு வரும் என்று மனைவி சொல்லியிருக்கிறார். அனுமதித்தவர் அதை அயடினோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்.

இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் தசையில் உள்ள ட்ரொபொமயோசின் என்ற புரதம். அயடினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உப்பில் அயடின் சேர்க்கும் நாட்டில், அயடினுக்கே ஒவ்வாமை உள்ளவர் ஒரு நேரச் சோறு சாப்பிட முடியாது. கேட்க வேண்டியவை வேறு. முன்பு ஸ்கானுக்கு ஊசி ஏற்றியபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா? இழுப்பு நோய் உண்டா? தைரொய்ட் மிகைச்சுரப்பு உண்டா? வாயால் கொடுத்தாலும் சுமார் 3 சதவீதம் உறிஞ்சப்படுகிறது, ஆகவே இந்தக் கேள்விகள் சடங்கல்ல. 100 மி.லீ.யில் 37 கிராம் அயடின் இருக்கிறது, வளர்ந்தவரின் நாளாந்தத் தேவை 150 மைக்ரோகிராம். கட்டுப்பாட்டில் இல்லாத தைரொய்ட் மிகைச்சுரப்பு உள்ளவருக்கு அந்த 3 சதவீதமே பெரிய சுமை. இவருக்கு மூன்றும் இல்லை. கழுத்தில் கட்டியும் இல்லை. சிவப்பு எழுத்து வெட்டப்பட்டு, “இறால் – தோல் தடிப்பு” என்று திருத்தப்பட்டது.

திரவம் கொடுத்த விதம்

மனைவியிடம் விளக்கியபோது, “இது மருந்தா, இல்லாட்டி படத்துக்குக் குடுக்கிற தண்ணியா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொல்லப்பட்டது. “நாளைக்கு இதே நேரத்துக்குள் இது பெருங்குடலுக்குப் போய்ச் சேர வேண்டும் அம்மா. போகாவிட்டால் ஒப்பரேசன் செய்யத்தான் வேணும்.” அதற்கான சம்மதமும் அப்போதே பெறப்பட்டது. காலக்கெடுவை முன்கூட்டியே சொன்னதால், மறுநாள் எந்த முடிவு வந்திருந்தாலும் அது அந்தக் குடும்பத்துக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

ஒன்பது மணிக்கு 60 மி.லீ. ஊசிக்குழலால் மூக்குக் குழாய் வழியே இரைப்பை உறிஞ்சப்பட்டது. இனி வராது என்ற நிலைக்குப் பிறகும் நோயாளியை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி உறிஞ்சியபோது மேலும் 180 மி.லீ. கிடைத்தது. அந்த 180 மி.லீ.தான் இந்த முழு வேலையிலும் முக்கியமான அளவு என்பது எங்கள் கருத்து. நிறைந்த இரைப்பைக்குள் 100 மி.லீ. செறிந்த திரவத்தை ஊற்றினால் அது சத்தியாகி நுரையீரலுக்குப் போகும், போகாவிட்டாலும் நீர்த்துப்போய் வேலை செய்யாது. அதன்பின் இரண்டு மணிநேரம் குழாய் பைக்குள் தானாக வடிய விடப்பட்டது. குழாயின் நுனி இரைப்பையில்தான் இருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் உறுதிசெய்யப்பட்டது. அந்தப் படமே பின்னர் ஒப்பிட உதவும் ஆரம்பப் படமும் ஆனது.

பதினொரு மணிக்குக் கட்டிலின் தலைப்பக்கம் 45 பாகை உயர்த்தப்பட்டது. 100 மி.லீ. திரவம் நீர் கலக்காமல், ஐம்பது ஐம்பதாக, பத்து நிமிடத்தில் குழாய் வழியே செலுத்தப்பட்டது. குழாயிலேயே தங்கிவிடாதிருக்க 30 மி.லீ. நீர் தொடர்ந்து செலுத்தப்பட்டு, குழாய் இரண்டு மணிநேரத்துக்கு அடைக்கப்பட்டது. பக்கத்தில் உறிஞ்சும் இயந்திரம் ஓடும் நிலையில் இருந்தது.

முக்கால் மணிநேரத்தில் முறுக்கு வலி திரும்பியது, குமட்டலும் வந்தது. “மிஸ், வயிறு பிரட்டுது” என்று அவர் சொன்னதும் தாதி குழாயைத் திறக்கப் போனார். இந்த இடத்தில்தான் பல சோதனைகள் கெட்டுப்போகின்றன. குழாயைத் திறந்தால் திரவத்தில் பாதி பைக்குள் வந்துவிடும். பிறகு படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் அடைப்பு விலகவில்லையா, திரவமே போகவில்லையா என்று பிரித்தறிய முடியாது. திரவம் குடலை நீட்டும்போது முறுக்கு வலி எதிர்பார்க்க வேண்டியதுதான். அதேவேளை உண்மையில் ஓங்காளித்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் திறக்க வேண்டும், அப்போது சோதனை பெரிதல்ல. வைத்திய அதிகாரி வந்து பார்த்தபோது ஓங்காளிப்பு இல்லை, வயிறு மிருதுவாக இருந்தது. தலைப்பக்கம் 60 பாகைக்கு உயர்த்தப்பட்டு, குமட்டலை அடக்கும் ஒன்டன்செட்ரோன் 4 மி.கி. மெதுவாக ஏற்றப்பட்டது. முழுஅடைப்பு இருக்கக்கூடிய குடலைத் தூண்டிவிடும் என்பதால் இன்னொரு குமட்டல் மருந்தான மெட்டோக்ளோபிரமைட் தவிர்க்கப்பட்டது. இருபது நிமிடத்தில் குமட்டல் அடங்கியது. ஒரு மணிக்குக் குழாய் திறக்கப்பட்டபோது 40 மி.லீ. மட்டுமே வந்தது.

எட்டாம் மணிநேரப் படம்

மாலை ஏழு மணிப் படம் குழப்பமாக இருந்தது. சிறுகுடல் வளையங்களில் வெண்மை பரவியிருந்தது, வலது அடிவயிற்றில் மங்கலான நிழல் ஒன்று. அது பெருங்குடலின் தொடக்கமா, சிறுகுடலின் கடைசிப் பகுதியா? விரிந்த குடலில் தேங்கியிருக்கும் லீற்றர்க் கணக்கான நீரில் திரவம் கலக்கும்போது வெண்மை இப்படித்தான் மங்கிப்போகும். இதைப் பெருங்குடல் என்று வாசித்து அன்றிரவே கஞ்சி கொடுத்த சம்பவங்களும் உண்டு, தோல்வி என்று வாசித்து அவசரமாக வயிற்றைத் திறந்த சம்பவங்களும் உண்டு.

ஆரம்பப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்த நிழலின் விளிம்பில் பெருங்குடலுக்கு உரிய, பாதி அகலம்வரை மட்டும் நீளும் மடிப்புகள் தெளிவாக இல்லை. “உறுதியில்லை” என்றே அறிக்கையில் எழுதப்பட்டது. நோயாளி நலமாக இருந்ததால் திட்டம் மாறவில்லை. வாயால் எதுவும் கொடுக்கப்படவில்லை, நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை ஒரே வைத்திய அதிகாரி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கை மாறினால் சிறு மாற்றம் பிடிபடாது.

இருபத்துநான்காம் மணிநேரமும் அதன்பின்னும்

அதிகாலை மூன்று மணியளவில் காற்றுப் போனது, பின்னர் தண்ணீராக வயிற்றோட்டம். காலை பதினொரு மணிப் படத்தில் வெண்மை ஏறுகுடல் முதல் நேர்குடல்வரை நின்றது. சிறுகுடல் 2.5 செ.மீ.க்குச் சுருங்கியிருந்தது. மூக்குக் குழாய் எடுக்கப்பட்டது. அன்று மிடறு மிடறாக நீர், மறுநாள் கஞ்சித் தெளிவு, அதற்கடுத்த நாள் குழைத்த சோறு.

அடைப்பு விலகியதும் கவனம் தளர்வது இயல்பு. ஆனால் அந்த நாளில்தான் ஐந்து முறை வயிற்றோட்டம் போய்ப் பொட்டாசியம் 3.3க்கு இறங்கியது. திரவம் குடலுக்குள் இழுத்த நீரெல்லாம் இப்படித்தான் வெளியேறும். சேலைனை நிறுத்தியிருந்தால் சிறுநீரகம் மீண்டும் பாதிக்கப்பட்டிருக்கும். மேலும் ஒரு நாள் நரம்பு வழி நீரும் பொட்டாசியமும் தொடர்ந்தன. அனுமதிக்கப்பட்ட ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். ஆறு வாரத்தில் கிளினிக்கில் பார்த்தபோது வலியில்லை, எடை பழையபடி, வெள்ளாமை வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தார்.

ஒட்டு கரைந்துவிடவில்லை, அடைப்பு மறுபடியும் வரலாம் என்பது கணவன் மனைவி இருவருக்கும் சொல்லப்பட்டது. பனங்கிழங்கையும் பலாப்பழச் சக்கையையும் அளவோடு, நன்றாக மென்று உண்ண வேண்டும் என்றும், பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றும் அறிவுறுத்தப்பட்டது. தழும்பின் வரலாறு, இந்த அனுமதியின் விபரம், கொடுத்த திரவத்தின் பெயரும் அளவும், அதற்கு ஒவ்வாமை எதுவும் ஏற்படவில்லை என்ற குறிப்பு ஆகியவை ஒரே தாளில் தட்டச்சு செய்யப்பட்டு, பிளாஸ்ரிக் உறையில் ஒட்டிக் கொடுக்கப்பட்டன.

இனி மாற்ற வேண்டியவை

திரவம் கொடுக்கும் நேரத்தைக் காலை ஏழு மணிக்கு முன்நகர்த்த வேண்டும். அப்போது எட்டாம் மணிநேரப் படம் பிற்பகல் மூன்றுக்கும், கடைசிப் படம் மறுநாள் காலை ஏழுக்கும் விழும். படம் தோல்வி காட்டினால் சத்திரசிகிச்சைக் கூடத்தின் பகல் நேரம் முழுதும் கையில் இருக்கும். குழாய் அடைத்திருக்கும் இரண்டு மணிநேரத்தை இரவுக் கடமையில் வைக்கவே கூடாது, அங்கே ஒரு தாதி நாற்பது பேரைப் பார்க்கிறார்.

ஒட்டு அடைப்புச் சந்தேகம் உள்ள வளர்ந்தவருக்கு முதலிலேயே 16 அல்லது 18ஆம் இலக்கக் குழாய்தான். அனுமதிப் படிவத்தில் உள்ள “அயடின் / கடலுணவு ஒவ்வாமை” என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, கொன்ட்ராஸ்ட் ஊசியால் முன்பு வந்த விளைவு, இழுப்பு, தைரொய்ட் என மூன்று தனிக் கேள்விகள் வைக்க வேண்டும்.

சி.ரி. பற்றிய தீர்மானம் அவ்வளவு எளிதில் முடிவதல்ல. இந்த நோயாளியில் அது இல்லாமலேயே நல்லபடி முடிந்தது என்பதற்காக, அது தேவையில்லை என்ற முடிவுக்கு வரக்கூடாது. காலையில் கிரியட்டினின் 98க்கு இறங்கியபோதே அவரைப் பகலில் ஸ்கானுக்கு அனுப்பிவிட்டு, வளையமாக அடைபட்ட குடல் இல்லை என்று உறுதிசெய்த பின் திரவத்தைக் கொடுத்திருக்கலாம். அம்புலன்சும் கூடச் செல்ல ஒரு வைத்தியரும் கிடைக்கும் நாளில், அடுத்த நோயாளிக்கு அந்த ஒழுங்கையே பின்பற்ற வேண்டும்.